நடைவழிச் சுவர்: கறுப்பினக் கலைஞர்களுக்குத் தனிக் கண்காட்சி எதற்கு?

கறுப்பினக் கலைஞர்களைக் கொண்டாடும் கண்காட்சிகள் லண்டனிலும் நியூயார்க்கிலும் இப்போது அடிக்கடி நடைபெறுகின்றன. அவற்றின் அறிவிப்புகளில் ‘படைப்பு வெளியை மீட்டெடுத்தல்’ என்ற தொடர் ஏறக்குறையத் தவறாமல் இடம்பெறுகிறது. கலைக்கு நிறம் ஏது, தனியாகக் காட்சி வைப்பது தம்மைத் தாமே ஒதுக்கிக்கொள்வது ஆகாதா, மீட்பது என்றால் யாரிடமிருந்து எதை மீட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் நியாயமான கேள்விகளே. முதல் இரண்டும் அந்தக் கலைஞர்களுக்கு உள்ளேயே ஐம்பது ஆண்டுகளாகச் சூடாக விவாதிக்கப்பட்டு வருபவை என்பதால், வெளியிலிருந்து கேட்கிறோமே என்று நீங்கள் தயங்கவும் வேண்டியதில்லை.

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ‘வெளி’ என்ற சொல் நம் சிற்றிதழ் விமர்சனத்தில் புழங்கிப் புழங்கி, எதைக் குறிக்கிறது என்று சொல்ல முடியாத அளவுக்கு ஆவியாகிப்போன சொற்களில் ஒன்று. இந்த விஷயத்தில் அதைக் கொத்தனாரின் அளவுநாடாவோடு அணுகுவதே சரி என்பது என் கருத்து. இத்தனை அடிச் சுவர், இத்தனை அடித் தரை, கட்டடத்தின் எந்த மூலை, எத்தனை வாரம், சுவரில் மாட்டுவதைத் தேர்ந்தெடுத்தவர் யார், இறக்கிய பிறகு அது போய்ச் சேர்ந்த இடம் எது: இவைதான் அந்தச் சொல்லின் பொருள். பொதுவாகப் பேசினால் இது பிடிபடாது; ஆகவே ஒரு கண்காட்சியை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றியே என் பதிலைச் சொல்கிறேன்.

லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனைக்குச் செல்லும் ‘தி மால்’ என்ற அகன்ற சாலையில், சமகாலக் கலைக் கழகம் என்று தமிழில் சொல்லத்தக்க ஐ.சி.ஏ. இருக்கிறது. அங்கே 1985 நவம்பரில் ‘தி தின் பிளாக் லைன்’, அதாவது ‘மெல்லிய கறுப்புக் கோடு’ என்ற கண்காட்சி திறக்கப்பட்டது. பங்கேற்றவர்கள் பதினொரு பெண்கள்: பிரெண்டா அகார்ட், சுதபா பிஸ்வாஸ், சோனியா பாய்ஸ், சீலா குமாரி பர்மன், ஜெனிஃபர் காம்ரி, லுபைனா ஹிமிட், கிளாடெட் ஜான்சன், இங்க்ரிட் போலார்ட், வெரோனிகா ரயன், மார்லீன் ஸ்மித், மோட் சல்ட்டர். பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள். காட்சியைத் தொகுத்தவர் ஹிமிட். 1954இல் சான்சிபாரில் பிறந்து, கைக்குழந்தையாக இங்கிலாந்து வந்து, நாடக மேடை வடிவமைப்புப் படித்தவர்.

அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட இடம் அந்த நிறுவனத்தின் முதன்மைக் காட்சிக்கூடம் அன்று. மக்கள் வந்து போகும் நடைவழி. உணவகத்துக்குப் போகிறவர்களும் அரங்குக்குப் போகிறவர்களும் தோளை உரசிக்கொண்டு கடக்கும் சுவர். கண்காட்சியின் பெயரில் உள்ள ‘மெல்லிய கோடு’ அந்த இடத்தின் குறுகலையும் சேர்த்தே சொல்கிறது என்று வாசிக்கத் தோன்றும். பெயர் முந்தியதா, நடைவழி முந்தியதா என்று நான் ஆராய்வதில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டன.

கையேட்டில் ஹிமிட் எழுதிய முன்னுரை மிகச் சிறியது. எங்களுக்கு உரியதை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், எங்களை நாங்களே கண்ணுக்குப் புலப்படச் செய்கிறோம், பிரிட்டனில் இயங்கும் நூற்றுக்கணக்கான கறுப்பினப் படைப்பாளிப் பெண்களில் நாங்கள் பதினொருவர், இங்கேயே இருக்கப்போகிறவர்கள் என்பதே அதன் சாரம். ‘மீட்பது’ என்ற வினைச்சொல் பிற்காலத்து அறிவிப்பாளர்களுக்குப் பிடித்த சொல்; அது முன்பு நம்மிடம் இருந்து பறிபோன ஒன்றைக் குறிக்கும். ஹிமிட் பேசியது உரிமை கோருவதைப் பற்றி. ஐ.சி.ஏ.வின் சுவர் எந்தக் காலத்திலும் அவர்களிடம் இருந்ததில்லை. ஆனால் அது பொதுப்பணத்தில் நடக்கும் நிறுவனத்தின் சுவர் என்பதால், வரி கட்டும் அவர்களுடைய பெற்றோருக்கும் அதில் பங்கு உண்டு. ஆகவே ‘யாரிடமிருந்து மீட்பது’ என்ற உங்கள் கேள்விக்கு, இந்தக் கண்காட்சியைப் பொறுத்தவரை, பாகப்பிரிவினையில் விடுபட்ட பங்கைக் கேட்டார்கள் என்பதே நெருக்கமான விடை.

பெயர்ப் பட்டியலில் வங்காளத்துச் சாந்திநிகேதனில் பிறந்த சுதபா பிஸ்வாசும், லிவர்பூல் பக்கத்தில் பஞ்சாபிக் குடும்பத்தில் வளர்ந்த சீலா குமாரி பர்மனும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இவர்கள் எப்படிக் ‘கறுப்பினக் கலைஞர்கள்’ ஆவார்கள் என்ற ஐயம் இன்று எழுவது இயல்பு. எழுபது, எண்பதுகளின் பிரிட்டனில் ‘கறுப்பு’ என்பது ஆப்பிரிக்கர், கரீபியர், தெற்காசியர் ஆகிய அனைவரையும் உள்ளடக்கிய அரசியற் சொல்லாகப் புழங்கியது. அந்தப் பொருளை அழுத்தமாக நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் ஒரு தமிழர் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட அம்பலவாணர் சிவானந்தன், 1958 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையைவிட்டு வெளியேறி லண்டன் வந்தார். வந்த அதே ஆண்டில் அங்கே நாட்டிங் ஹில்லில் கறுப்பினத்தவர் மீதான வெள்ளையரின் கலவரம் வெடித்தது. 1964இல் இன உறவுகள் நிறுவனத்தில் நூலகராகச் சேர்ந்து, எழுபதுகளின் தொடக்கத்தில் ஊழியர்கள் அந்த நிறுவனத்தின் போக்கையே மாற்றியபோது அதன் தலைமைக்கு வந்து, ‘ரேஸ் அண்ட் கிளாஸ்’ இதழை நடத்தினார். கறுப்பு என்பது தோலின் நிறமன்று, அரசியலின் நிறம் என்பது அவருடைய நிலைப்பாடு. நடைவழியில் பிஸ்வாசின் ஓவியமும் பாய்ஸின் ஓவியமும் ஒரே தலைப்பின்கீழ் தொங்கியதற்குப் பின்னால் அந்தச் சிந்தனையின் செல்வாக்கு இருந்தது. தொண்ணூறுகளில் அந்தக் குடை மெல்ல மடங்கிவிட்டது. இன்று அச்சொல் பெரும்பாலும் ஆப்பிரிக்க, கரீபிய வம்சாவளியினரையே குறிக்கிறது. பழைய கண்காட்சியை இன்றைய பொருளில் வாசிப்பதால் வரும் குழப்பமே அந்த ஐயம்.

அப்போதும் எல்லோரும் இந்தக் குடைக்குள் நின்றார்கள் என்று எண்ண வேண்டாம். லண்டன் ஃபின்ஸ்பரி பார்க்கில் 1983இல் தொடங்கப்பட்ட ‘பிளாக்-ஆர்ட் கேலரி’ ஆப்பிரிக்க வம்சாவளியினரின் படைப்புகளை மட்டுமே காட்டுவது என்ற கொள்கையோடு நடந்தது. வுல்வர்ஹாம்ப்டனில் எடி சேம்பர்ஸ், கீத் பைப்பர் முதலிய மாணவர்கள் சேர்ந்து 1982 அக்டோபரில் கூட்டிய முதல் தேசியக் கறுப்புக் கலை மாநாட்டில், கறுப்பினப் பெண்ணின் உருவத்தைத் தான் வரைவது பற்றிக் கிளாடெட் ஜான்சன் பேசப்போக, அரங்கில் பெரும் சலசலப்பு எழுந்தது. பெண்கள் தனியே போய் உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. வெள்ளையர் நடத்தும் கூடங்களில் இடமில்லை என்று கூடியவர்களிடையே பெண்களுக்கு இடமில்லாமல் போன அந்தப் பிற்பகலிலிருந்து ஐ.சி.ஏ.வின் நடைவழிக்கு நேர்கோடு ஒன்று வருகிறது. இடையில் 1983இல் ஆப்பிரிக்கா சென்டரில் ‘ஐந்து கறுப்பினப் பெண்கள்’, அடுத்துப் பாட்டர்சீ கலை மையத்தில் ‘பிளாக் வுமன் டைம் நவ்’ என்று இரண்டு காட்சிகளிலும் ஹிமிட்டின் கை இருந்தது. ஓவியர் ஒருவர் தன் வரைவு நேரத்தைப் பறிகொடுத்து மற்றவர்களுக்குக் காட்சி தொகுக்கப் புறப்படுவது ஆசையால் அன்று. அந்த வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் அதைச் செய்யாததால்.

இனி அந்தச் சுவரில் என்ன இருந்தது என்று பார்ப்போம், ஏனென்றால் இடத்தைப் பற்றிய பேச்சில் படைப்பை மறந்துவிடுவது இத்தகைய கண்காட்சிகளைப் பற்றி எழுதுகிறவர்களின் வழக்கமான பிழை.

பிஸ்வாசின் ‘ஹவுஸ்வைவ்ஸ் வித் ஸ்டேக்-நைவ்ஸ்’, அதாவது ‘இறைச்சிக் கத்தி ஏந்திய இல்லத்தரசிகள்’ என்ற ஓவியத்தைத் தமிழ் வாசகருக்கு விளக்குவது எளிது, ஆங்கிலேயருக்கு விளக்குவதுதான் கடினம். எட்டு அடி உயரத்தில் நான்கு கைகளோடு ஒரு காளி நிற்கிறாள், அன்றாட வீட்டு உடையில். ஒரு கையில் கத்தி, ஒரு கையில் வெட்டிய தலை, ஒரு கை சிவந்த உள்ளங்கையைக் காட்டி உயர்ந்திருக்கிறது, இன்னொரு கையில் பூவோடு சேர்த்து ஒரு சிறு கொடி. கழுத்தில் கபால மாலைக்குப் பதிலாக அதிகாரத்தில் இருந்த ஆண்களின் தலைகள். கொடியில் ஒட்டியிருப்பது, விவிலியக் கதையில் வரும் படைத்தலைவன் ஹோலஃபர்னசின் தலையை யூதித் என்ற பெண் அறுப்பதைப் பதினேழாம் நூற்றாண்டில் வரைந்த ஆர்ட்டெமிசியா ஜெண்டிலெஸ்கியின் ஓவியம். இத்தாலியப் பெண் ஓவியரும் வங்காளத்து அம்மனும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள் என்ற குறும்பு அதில் உண்டு. ஓவியம் சுவரோடு ஒட்டிப் படியாமல் மேற்புறம் சற்று முன்சாய்ந்து தொங்கும்படி அமைக்கப்பட்டது; கீழே நிற்பவர் மீது அவள் கவிந்து நிற்பாள். சன்னதியில் மூலவரை அண்ணாந்து பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தச் சாய்வின் நோக்கம் சொல்லாமலே விளங்கும்.

இதே பிஸ்வாஸ் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்தபோது, தமக்குக் கற்பித்த பெண்ணியக் கலை வரலாற்றாசிரியர் கிரிசெல்டா போலக்கைத் தலையுறை அணிவித்து நடுவில் உட்கார வைத்து, சுற்றிலும் காளி நிகழ்வை நடத்திப் படம் பிடித்தார். ஐரோப்பாவை மட்டும் மையமாக வைத்து நடந்த பாடத்தைப் பற்றிய விமர்சனம் அது. ஆசிரியரும் உட்கார ஒப்புக்கொண்டார் என்பதை அவருக்குப் பெருமையாகவே சொல்ல வேண்டும்.

மார்லீன் ஸ்மித்தின் படைப்பு வேறு வகை. கண்காட்சி திறப்பதற்கு இரண்டு மாதங்கள்கூட இல்லாத நிலையில், 1985 செப்டம்பர் 28 அன்று, லண்டன் பிரிக்ஸ்டனில் மகனைத் தேடி வந்த காவல்துறையினர் செர்ரி குரோஸ் என்ற தாயை அவருடைய வீட்டுக்குள்ளேயே சுட்டனர். அவர் எழுந்து நடக்க முடியாதவரானார். ஸ்மித் தம் படைப்புக்குக் குடும்பப் பெண்களுக்கான ஒரு பிரபல பத்திரிகையின் பெயரையே, ‘குட் ஹவுஸ்கீப்பிங்’ என்று வைத்தார். ஒரு பெண் உருவம், குடும்பப் புகைப்படம், கூடவே சுவரில் எழுத்து: காலை ஏழு மணிக்குக் கதவைத் திறக்கும் தன் தாயின் உடல் குண்டு துளைக்காத உடலன்று என்ற பொருளில். இல்லத்தை ஒழுங்காக வைத்துக்கொள்வது பற்றிய பத்திரிகையின் பெயருக்கும், தன் இல்லத்துக்குள்ளேயே சுடப்பட்ட பெண்ணுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் அந்தப் படைப்பு. நடைவழியில் காப்பிக் கோப்பையோடு கடந்தவர்கள் இதைப் படித்துக்கொண்டேதான் கடந்திருக்க வேண்டும். மூடிய கூடத்தில் வைத்திருந்தால் தேடி வருகிறவர்கள் மட்டுமே பார்த்திருப்பார்கள் என்று ஒருவர் வாதிடலாம். எனக்கும் அது ஒருகணம் தோன்றியதுண்டு. ஆனால் அந்த அனுகூலம் தற்செயலாக விளைந்தது. அதற்காக நடைவழியைக் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்வதற்கில்லை.

ஹிமிட்டின் கலைமொழியே இடத்தைப் பற்றியது. மேடை வடிவமைப்புப் படித்தவர் ஆதலால் ஒட்டுப்பலகையில் மனித உருவங்களை வரைந்து வெட்டி, ஆளுயரத்தில் நிற்க வைப்பார். அவை ஆணியை நம்பித் தொங்குவதில்லை. பார்வையாளர் நிற்கும் தரையில் பங்கு கேட்டு நிற்கின்றன. அதே 1985இல் செய்த ‘தி கேரட் பீஸ்’ என்ற படைப்பில், ஒற்றைச் சக்கர வண்டியில் தள்ளாடும் வெள்ளைக்காரன் ஒருவன் கழியில் கட்டிய கேரட்டை ஒரு கறுப்பினப் பெண்ணின் முன் ஆட்டுகிறான். அவளோ கைகொள்ளாத அளவுக்குத் தன் பொருட்களைச் சுமந்துகொண்டு, திரும்பிப் பார்த்தபடி தன் வழியில் போகிறாள். நிறுவனங்கள் நீட்டும் சலுகைகளைப் பற்றி நூறு பக்கக் கட்டுரை எழுதினாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியாது.

ஒரு கண்காட்சி, சில வாரம், ஒரு நடைவழி. இதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கலை உலகின் இயக்கத்தை அறிந்தால்தான் இதன் எடை தெரியும். கல்லூரியிலிருந்து வெளிவரும் ஓவியருக்கு ஒரு சிறு கூடத்தில் காட்சி கிடைக்க வேண்டும். அதைப் பற்றி நாளிதழில் நாலு பத்தியாவது வர வேண்டும். அதைப் படித்த பொது அருங்காட்சியகம் ஒன்று படைப்பை வாங்க வேண்டும். வாங்கியது பதிவேட்டில் ஏறி, காப்பீடும் பராமரிப்பும் பெற்று, பிற அருங்காட்சியகங்களுக்கு இரவலாகப் போக வேண்டும். போன இடங்களின் கையேடுகளில் படம் அச்சாக வேண்டும். அந்தக் கையேடுகளைப் பார்த்துத்தான் கலை வரலாறு எழுதுகிறார்கள். ஒவ்வொரு கதவையும் முந்தைய கதவின் சாவியால்தான் திறக்க முடியும். முதல் சாவியே கிடைக்காதவரின் ஓவியம் வீட்டு மாடியிலும் நண்பரின் கொட்டகையிலும் கிடந்து ஈரம் பட்டு வீணாகும். எண்பதுகளின் கறுப்பினக் கலைஞர்களின் பல படைப்புகளைப் பழைய புகைப்படங்களில் மட்டுமே பார்க்க முடிகிறது என்றால் காரணம் இதுதான். முப்பது ஆண்டு கழித்து ஆய்வாளர் ஒருவர் வந்து, ‘அந்தக் காலத்தில் கறுப்பினப் பெண் ஓவியர்கள் யாரும் இல்லை போலிருக்கிறது’ என்று எழுதினால் அவர் பொய் சொல்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது. கிடங்கைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறார்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தனிக் கண்காட்சி தம்மைத் தாமே ஒதுக்கிக்கொள்வது ஆகாதா?

ஆகலாம் என்று அஞ்சியவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். கயானாவில் பிறந்த ஃபிராங்க் போலிங், பெரும் வண்ணப் பரப்புகளில் அருவ ஓவியம் வரைபவர்; 1960களின் இறுதியிலேயே நியூயார்க்கில் இருந்துகொண்டு, கறுப்பினக் கலைஞர் வரைவதெல்லாம் கறுப்பின அனுபவத்தின் ஆவணமாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை எதிர்த்துக் கட்டுரைகள் எழுதினார். வண்ணம் வழிவதைப் பற்றி யோசிக்கும் உரிமை தனக்கும் உண்டு என்பதுதான் அவருடைய வாதத்தின் சுருக்கம். அது வலுவான வாதம். அதற்கு எதிராக வைக்க என்னிடம் ஒரு நிகழ்ச்சிதான் இருக்கிறது. அந்த அருவ ஓவியருக்கு லண்டன் டேட் பிரிட்டன் அருங்காட்சியகத்தில் முழுமையான பின்னோக்குக் காட்சி, அதாவது வாழ்நாள் படைப்புகளின் காட்சி, 2019இல் நடந்தது. அவருக்கு அப்போது 85 வயது. குழுவோடு சேராமல் தனித்து நின்றவருக்கும் பொதுச் சுவர் விரைவில் கிடைத்துவிடவில்லை.

கராச்சியில் பொறியியல் படித்து 1964இல் லண்டன் வந்த ரஷீத் அராயீனின் அனுபவம் இன்னும் கசப்பானது. போருக்குப் பிந்தைய பிரிட்டனின் நவீனக் கலையில் ஆப்பிரிக்க, ஆசியக் கலைஞர்களின் பங்கைக் காட்டும் பெரிய கண்காட்சி ஒன்றை அவர் 1970களின் இறுதியிலேயே முன்மொழிந்தார், மறுக்கப்பட்டது. விடாமல் முட்டி, ஒருவழியாக 1989 நவம்பரில் ஹேவர்ட் கேலரியில் ‘தி அதர் ஸ்டோரி’ என்ற பெயரில் 24 கலைஞர்களோடு அது திறந்தபோது, அவர்களில் அகமது பர்வேஸ் 1979இல் இறந்திருந்தார். சிற்பி ரொனால்ட் மூடி 1984இல். அன்வர் ஜலால் ஷெம்சா 1985இல். கொழும்பின் ‘43 குழு’வைச் சேர்ந்த இலங்கை ஓவியர் ஐவன் பீரிஸ் 1988இல். அனிஷ் கபூர் போன்ற சிலர் அழைப்பை ஏற்கவில்லை. இனத்தின் பெயரால் தொகுக்கப்படுவதில் அவர்களுக்கு உடன்பாடில்லை. அந்த 24 பேரில் பெண்கள் நான்கே பேர் என்பதும் அப்போதே கடுமையாகக் குறை கூறப்பட்டது. ஆகக் கூடி, தொகுக்கப்பட்டவர்களுக்கும் வருத்தம், விடுபட்டவர்களுக்கும் வருத்தம், வர மறுத்தவர்களுக்கும் ஒரு நியாயம். ஆனாலும் அந்தக் கண்காட்சி நடந்திராவிட்டால் ஷெம்சாவின் பெயரை நாம் இன்று இவ்வளவு எளிதாக உச்சரித்திருப்போமா என்பது ஐயமே.

தனிக் காட்சியின் சிக்கல் அதை நடத்துவதில் இல்லை, அதோடு நிறுத்திவிடுவதில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். பிரிட்டனில் 1987 முதல் அக்டோபர், கறுப்பின வரலாற்று மாதம். அக்டோபரில் மாட்டி நவம்பரில் இறக்கும் காட்சிகளைப் பார்க்கும்போது, நடைவழி என்பது கட்டடத்தில் மட்டும் இருப்பதில்லை, நாட்காட்டியிலும் உண்டு என்று தோன்றுகிறது.

இதற்கு நேர் மாறான பிழையையும் சொல்லியாக வேண்டும். நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் 1969 ஜனவரியில் ‘ஹார்லெம் ஆன் மை மைண்ட்’ என்ற மாபெரும் காட்சியை நடத்தியது. பெரிய கூடங்கள், பெரும் விளம்பரம், கூட்டத்துக்கும் குறைவில்லை. நியூயார்க்கில் கறுப்பினத்தவர் பெருவாரியாக வாழ்ந்த ஹார்லெம் பகுதியின் அறுபது எழுபது ஆண்டு வாழ்க்கை, பெரிதாக்கிய புகைப்படங்களாலும் ஒலிப்பதிவுகளாலும் காட்டப்பட்டது. ஆனால் ஹார்லெமின் ஓவியர் ஒருவரின் ஓவியமும் இல்லை, சிற்பி ஒருவரின் சிற்பமும் இல்லை. ரொமாரே பியர்டன், நார்மன் லூயிஸ் போன்ற முதிர்ந்த ஓவியர்கள் அதே ஊரில் வேலை செய்துகொண்டிருந்தபோதே இப்படி. பென்னி ஆண்ட்ரூஸ் முதலியோர் அருங்காட்சியக வாசலில் பதாகை ஏந்தி மறியல் செய்தனர். அந்தக் காட்சியால் எதிர்பாராத புகழ் பெற்றவர் ஜேம்ஸ் வான் டெர் சீ. ஹார்லெமில் பல பத்தாண்டுகள் ஸ்டூடியோ வைத்து மணமக்களையும் குடும்பங்களையும் படம் பிடித்த முதிய புகைப்படக்காரர். அவருடைய படங்கள் அருங்காட்சியகச் சுவரை நிறைத்த அதே 1969இல், அவரும் மனைவியும் தாங்கள் குடியிருந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டனர். இடம் என்ற சொல்லை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்தச் செய்தி ஒன்றே போதும்.

அமெரிக்கக் கலைஞர்கள் சிலர் இதற்குக் கண்ட வழி, கேட்டுக்கொண்டிருப்பதை விட்டுவிட்டுத் தாமே இடம் பிடிப்பது. ஹார்லெம் ஸ்டூடியோ அருங்காட்சியகம் 1968இல் ஐந்தாம் அவென்யூவில் ஒரு வாடகை மாடியில் தொடங்கியது. லிண்டா கூட் பிரையன்ட் 1974இல், கலை வியாபாரத்தின் இதயமான 57ஆம் தெருவிலேயே ‘ஜஸ்ட் அபவ் மிட்டவுன்’ என்ற கூடத்தைத் திறந்தார்; டேவிட் ஹாமன்ஸ் எண்ணெய்க்கறை படிந்த காகிதப் பைகளையும் இறைச்சி எலும்புகளையும் கொண்டு அங்கே காட்சி வைத்தார். கடனும் வாடகைப் பாக்கியும் துரத்த, எண்பதுகளின் நடுவில் அந்தக் கூடம் மூடப்பட்டது. லண்டனில் ஹிமிட்டும் 1986இல் மோட் சல்ட்டரோடு சேர்ந்து சொந்தமாக ஒரு கூடம் நடத்தினார். அதற்கு வைத்த பெயர் ‘தி எல்போ ரூம்’: முழங்கையை மடக்கி நீட்டும் அளவுக்காவது இடம். நடைவழியில் நின்றவர்கள் வைக்கும் பெயர்தான் அது. அதே ஆண்டு மார்ச் இறுதியில் தாட்சர் அரசு லண்டன் பெருநகர மன்றத்தைக் கலைத்துவிட்டது. கறுப்பினக் கலை முயற்சிகளுக்கு அந்த மன்றம் கொடுத்துவந்த மானியமும் அதோடு போயிற்று. சிறு கூடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்ததற்குக் கலைஞர்களின் ஆர்வக் குறைவைக் காரணம் சொல்வோர் இந்தத் தேதியையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அந்தப் பதினொருவரில் பலர் பிறகு அடைந்த இடங்கள் பெரியவை. பிரிட்டனின் புகழ்பெற்ற சமகாலக் கலை விருதான டர்னர் விருதுக்கு 1991 முதல் ஐம்பது வயதுக்கு உட்பட்டோர் மட்டுமே தகுதியுடையவர்கள் என்ற விதி இருந்தது. அந்த விதியின்கீழ் ஹிமிட் தகுதியோடு இருந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இறுதிப் பட்டியலுக்குக்கூட அவர் பெயர் வரவில்லை. வயது வரம்பை நீக்கிய 2017ஆம் ஆண்டிலேயே, 63ஆம் வயதில், விருதைப் பெற்றார். கறுப்பின ஆண்களில் கிறிஸ் ஒஃபிலி 1998இலும் ஸ்டீவ் மெக்குவீன் 1999இலும் பெற்றிருந்தனர். பெண்களில் ஹிமிட்டே முதல்வர். சோனியா பாய்ஸ் 2022இல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலை விழாவில் பிரிட்டனின் சார்பில் காட்சி வைத்துத் தங்கச் சிங்க விருதை வென்றார். அதே ஆண்டு வெரோனிகா ரயன் டர்னர் விருது பெற்றார்; லண்டன் ஹாக்னியில் போருக்குப் பின் கரீபியத் தீவுகளிலிருந்து பிரிட்டனில் குடியேறிய ‘விண்ட்ரஷ்’ தலைமுறையின் நினைவாக அவர் செய்த சிற்பங்கள், சீத்தாப்பழம், ஈரப்பலா, முள்சீத்தா ஆகிய மூன்றும் பளிங்கிலும் வெண்கலத்திலும் பெரிதாக, நடைபாதையிலேயே கிடக்கின்றன; குழந்தைகள் ஏறி உட்காருகிறார்கள். கிளாடெட் ஜான்சன் நெடுங்காலம் காட்சி வைக்காமலே இருந்துவிட்டு, 2024இல் டர்னர் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றார். பிரெண்டா அகார்டும் மோட் சல்ட்டரும் இவற்றைப் பார்க்க உயிரோடு இல்லை.

ஐ.சி.ஏ.வும் 2025 கோடையில் ஹிமிட்டைத் திரும்ப அழைத்தது. அதே பதினொருவரின் பழைய, புதிய படைப்புகளோடு அவர் தொகுத்த காட்சிக்கு இம்முறை காட்சிக்கூடங்களே கிடைத்தன. நாற்பது ஆண்டுகளில் நடைவழியிலிருந்து கூடத்துக்கு. தூரத்தை அடிக்கணக்கில் அளந்தால் சில எட்டுகள்தான் இருக்கும்.

கடைசியாக, இத்தகைய கண்காட்சி ஒன்றுக்குப் போகிற வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால் எதைப் பார்ப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். முதலில் ஓவியத்தைப் பாருங்கள், சாவகாசமாக. பிறகு அதன் அருகில் உள்ள விளக்கச் சீட்டுக்கு வாருங்கள். பெரும்பாலோர் கலைஞரின் பெயரையும் தலைப்பையும் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் அதன் கடைசி வரியைப் படியுங்கள். படைப்பு இப்போது யாருடையது என்று அங்கேதான் சிறு எழுத்தில் இருக்கும். நாற்பது ஆண்டுப் பழைய ஓவியத்தின் கீழ் ‘கலைஞரின் அனுமதியுடன்’ என்று இருந்தால், இத்தனை காலமும் அது யாரும் வாங்காமல் அவரிடமே இருந்தது என்று பெரும்பாலும் பொருள். காட்சி முடிந்ததும் மறுபடி அங்கேயே போகும். பொது அருங்காட்சியகம் ஒன்றின் பெயரும் பதிவெண்ணும் இருந்தால், இறக்கிய பிறகும் அதற்கு ஓர் அலமாரியும், பார்த்துக்கொள்ள ஆளும் உண்டு. பிஸ்வாசின் காளிக்குக் கீழே, கம்பளி ஆலைகளுக்குப் பெயர்போன, தெற்காசியர் பெருவாரியாகக் குடியேறிய வடக்கு நகரமான பிராட்ஃபோர்டின் அருங்காட்சியகப் பெயர் இருக்கும்.